எச்ஐவி வைரஸின் குலமரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரஸ்களின் மரபணு வரிசைகளைக் கணினியில் போட்டுக் குலமரம் கட்டுவது என் அன்றாட வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன பண்றீங்க?" என்று கேட்டு, நான் சொல்லி முடித்ததும், பெரும்பாலும் அடுத்து வரும் கேள்வி இதுதான்: "எய்ட்ஸ் 1908 வாக்கில் வந்ததுன்னு படிச்சேன். அப்போ எந்த டாக்டரும் அதைப் பார்க்கலையே, எப்படிச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. அதற்கும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதிவைக்கிறேன். எச்ஐவி-யையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். இந்த முறைகள் நன்றாக அடிபட்டுத் தேறியது அந்த வைரஸிடம்தான்.

குலமரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இலைகள் என்பவை நம் கையில் இருக்கும் மாதிரிகள். ஒவ்வொன்றும் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸின் மரபணு வரிசை. இரண்டு கிளைகள் சேரும் கணு, அவற்றின் பொது மூதாதை. அந்த மூதாதையை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. கிளையின் நீளம், அந்த வழியில் எத்தனை எழுத்துகள் மாறின என்பதைக் காட்டும்.

படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலைகள் நெருங்கிய சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கணுவிலும் கிளைகளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாலும் அது அதே மரம்தான். எந்தக் கணுவில் போய்ச் சேர்கிறார்கள் என்பதே சொந்தம்.

எழுத்துகளைப் பார்த்து உறவு சொல்வது எப்படி?

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம். ஒரே நூலுக்கு ஏழு ஏடுகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரு முழு அடி விடுபட்டிருந்தால், அந்த மூன்றும் ஏதோ ஒரு குறையுள்ள ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று சொல்லிவிடலாம். சரியாக இருக்கும் இடங்கள் உறவைச் சொல்லாது. சேர்ந்து செய்த பிழைதான் சொல்லும்.

எல்லாப் பிழைக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. "பழம்" என்பதை "பளம்" என்று எழுதுவது யாருக்கும் வரும். மதுரையில் ஒருவரும் தஞ்சையில் ஒருவரும், ஒருவரையொருவர் அறியாமலே அந்தத் தப்பைச் செய்திருக்கலாம். முழு அடி விடுபடுவது அப்படியல்ல. மரபணுவிலும் இதே கதை. இருப்பது ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்து. (எச்ஐவி ஆர்என்ஏ வைரஸ். அதில் டி இருக்கும் இடத்தில் யு இருக்கும். ஆனால் கோப்புகளில் டி என்றே எழுதுவது வழக்கம்.) நாலே எழுத்து என்றால் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தப்பைச் செய்வது சர்வசாதாரணம். இந்தத் துறையில் புள்ளியியல் நுழைந்ததே "பளம்" வகைத் தப்புகளைச் சமாளிக்கத்தான்.

இரண்டு வரிசைகளில் எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணினால் போதாதா?

போதாது. ஏ என்பது ஜி ஆகி, பிறகு டி ஆகியிருந்தால் நடந்தது இரண்டு மாற்றம், நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. ஏ, ஜி ஆகி மறுபடி ஏ-வாகவே திரும்பியிருந்தால் ஒன்றுமே தெரியாது.

1969-இல் ஜூக்ஸ், கேன்டர் இருவரும் இதற்கு ஒரு எளிய திருத்தம் கொடுத்தார்கள். எந்த எழுத்தும் எந்த எழுத்தாகவும் சம வாய்ப்போடு மாறும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நூற்றுக்கு 20 இடங்கள் வேறுபட்டால், உண்மையில் நடந்தது நூறு இடத்துக்குச் சுமார் 23 மாற்றம். 20-க்கும் 23-க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 60 இடங்கள் வேறுபட்டால் உண்மைக் கணக்கு சுமார் 121 ஆகிவிடும். 75-ஐத் தொட்டால் கணக்கு முடிவிலிக்கு ஓடிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நாலு எழுத்தை இறைத்தாலே நாலில் மூன்று இடம் வேறுபடத்தானே செய்யும்? அதற்கு மேல் அந்த வரிசைகளில் சேதி எதுவும் மிச்சமில்லை.

சம வாய்ப்பு என்பது நிஜத்தில் கிடையாது. ஏ-வும் ஜி-யும் தங்களுக்குள் அடிக்கடி மாறிக்கொள்ளும், சி-யும் டி-யும் அப்படியே. 1980-இல் கிமுரா அதைக் கணக்கில் சேர்த்தார். பிறகு வந்த கணக்கு மாதிரிகளில் ஒவ்வொரு எழுத்து ஜோடிக்கும் தனி வீதம், ஒவ்வொரு இடத்துக்கும் தனி வேகம் என்று கூடிக்கொண்டே போயிற்று. எச்ஐவி-யின் மேலுறைப் புரதத்தில் சில இடங்கள் நம் நோயெதிர்ப்பிடமிருந்து தப்பிக்கத் தலைதெறிக்க மாறும், வேறு சில அசையவே அசையாது. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் வைத்தால் கிளை நீளம் முழுக்கப் பிசகிவிடும்.

எல்லா மரங்களையும் கணினியில் போட்டுப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

வேர் (எல்லா இலைகளுக்கும் பொதுவான மூதாதை) உள்ள மரங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நாலு இலைக்கு 15. ஐந்துக்கு 105. பத்து இலைக்கு 3,44,59,425. இருபது இலைக்கு 8-ஐப் போட்டு 21 பூஜ்யம் போட வேண்டும். எங்களிடம் வரும் கோப்புகளில் நூற்றுக்கணக்கில் இலைகள் இருக்கும்.

அதனால் ஒரு சுமாரான மரத்தில் தொடங்கி, கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டி, மதிப்பெண் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். தொடக்க மரத்துக்கு 1987-இல் சைத்தோ, நெய் இருவரும் தந்த அண்டை இணைப்பு முறை இன்றும் உதவுகிறது. தூரப் பட்டியலை எடுத்து, சேர வேண்டிய ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும். நொடியில் முடிந்துவிடும். சுமாரான மரம், ஆனால் பெரும்பாலும் மோசமில்லை.

குறைந்த மாற்றங்கள் உள்ள மரமே சிறந்தது என்று கல்லூரியில் படித்தோமே?

அது சிக்கன முறை. கேட்க நியாயமாக இருக்கும், கையால்கூடப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் 1978-இல் ஜோ ஃபெல்சன்ஸ்டைன் அதில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். நாலு இலைகளில் தொடர்பில்லாத இரண்டு மட்டும் மிக வேகமாக மாறியவை என்றால், அந்த இரண்டும் தற்செயலாக ஒரே எழுத்துக்கு வந்து சேரும் இடங்கள் நிறைய இருக்கும். சிக்கன முறை அவற்றைச் சேர்ந்து செய்த பிழை என்று நம்பி, இரண்டையும் உடன்பிறப்பாக்கிவிடும். நீண்ட கிளைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் என்று இதைச் சொல்வார்கள்.

இதில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. தரவு குறைவாக இருப்பதால் வரும் தப்பு இல்லை இது. வரிசையை நீட்ட நீட்ட, தப்பான மரத்தின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் லைக்லிஹுட் முறை என்ன செய்கிறது?

கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. இந்த மரமும், இந்தக் கிளை நீளங்களும், எழுத்து மாறும் இந்த வீதங்களும் உண்மை என்றால், நம் கையில் இருக்கும் வரிசைகள் கிடைப்பதற்கு என்ன வாய்ப்பு? அந்த வாய்ப்பு எந்த மரத்துக்கு அதிகமோ அது முன்னே நிற்கும். நீண்ட கிளையில் தற்செயல் ஒற்றுமை வரும் என்பது கணக்குக்குள்ளேயே இருப்பதால் ஏமாறுவது குறைவு.

சிக்கல், மூதாதைகளிடம் என்ன எழுத்து இருந்தது என்று தெரியாததுதான். தெரியாததால் எல்லா வாய்ப்பையும் கூட்ட வேண்டும். பத்து இலை மரத்தில், வேர் குறிக்காவிட்டால், எட்டு உள்கணுக்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து என்றால் ஒரே ஒரு இடத்துக்கு 65,536 சேர்க்கைகள். எச்ஐவி மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 9,700 இடங்கள். 1981-இல் அதே ஃபெல்சன்ஸ்டைன், இலையிலிருந்து வேரை நோக்கிக் கணுக் கணுவாகக் கூட்டிக்கொண்டே வந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை என்று காட்டினார். இன்றைக்கு இருக்கும் ஐக்யூ-ட்ரீ, ராக்ஸ்எம்எல் போன்ற மென்பொருள்களின் அடிவயிற்றில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

திரையில் மைனஸ் 48,213 என்பதுபோல ஒரு எண் வந்தால் பதறாதீர்கள். சின்னச் சின்ன வாய்ப்புகளை ஆயிரக்கணக்கில் பெருக்கினால் கணினி பூஜ்யம் என்று சொல்லிவிடும். அதற்காக மடக்கை எடுத்துக் கூட்டுகிறோம். பூஜ்யத்துக்கு எது கிட்டே இருக்கிறதோ அது நல்ல மரம்.

பேய்சியன் முறை இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

லைக்லிஹுட் ஒரே ஒரு மரத்தைக் கையில் கொடுக்கும். பேய்சியன் முறை பல்லாயிரம் மரங்களைக் கொடுக்கும், நம்பத்தகுந்தவை அதிக முறை வரும்படி. கணினி ஒரு மரத்தில் நின்றுகொண்டு சின்ன மாற்றம் ஒன்றை யோசிக்கும். மேலானதாக இருந்தால் அங்கே போகும். மட்டமாக இருந்தால் எவ்வளவு மட்டம் என்பதைப் பொறுத்துச் சில சமயம் போகும், சில சமயம் இருந்த இடத்திலேயே நிற்கும். கோடி முறை இப்படி நடந்தபின், எந்தக் கிளைக்கூட்டத்தில் எவ்வளவு நேரம் கழித்தது என்பதே அதன் நிகழ்தகவு. மிஸ்டர்பேய்ஸ், பீஸ்ட் என்ற மென்பொருள்கள் இந்த வகை.

ஒரு எச்சரிக்கை மட்டும்: முன்கூட்டிய அனுமானத்தை, அதாவது தரவைப் பார்க்கும் முன்பே நாம் நம்புவதை, நாமே கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு, தரவு சொன்னது என்று அதையே திருப்பி வாசிப்பவர்கள் உண்டு. வரிசைகளை எடுத்துவிட்டு வெறும் அனுமானத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதே விடை வந்தால் தரவு வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

கணுவின் மேல் 98 என்று எழுதியிருந்தால் 98 சதவீதம் உண்மை என்று பொருளா?

பூட்ஸ்ட்ராப் எண்ணாக இருந்தால், இல்லை. 1985-இல் ஃபெல்சன்ஸ்டைன் (மூன்றாவது முறையாக அவர் பெயர், என்ன செய்வது) கொண்டுவந்தது. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு இடமும் ஒரு பத்தி. அந்தப் பத்திகளைக் குடவோலை மாதிரி குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளேயே போட்டுவிட வேண்டும். முதலில் எத்தனை பத்தி இருந்ததோ அத்தனை முறை எடுத்தால் ஒரு போலித் தரவு தயார். சில பத்திகள் மூன்று முறை வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவை வந்தே இருக்காது. இப்படி நூறு போலித் தரவுகளுக்கு மரம் கட்டி, அந்தக் கணு எத்தனையில் தலைகாட்டியது என்று எண்ணினால் வருவது 98.

அதாவது, தரவைக் கொஞ்சம் ஆட்டினால் கணு அசைகிறதா என்ற சோதனை. எழுத்து மாறும் விதம் பற்றிய கணக்கு மாதிரியே தப்பாக இருந்தால் ஆட்டினாலும் அதே தப்பு 100 எடுத்து நிற்கும்.

சரி, 1908 எப்படி வந்தது?

மாதிரி எடுத்த தேதி தெரியும் என்பதுதான் சூட்சுமம். எச்ஐவி மனிதர்களை விடப் பல லட்சம் மடங்கு வேகமாக மாறுவது. இருபது வருடத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

விளக்கத்துக்காக நானே வைத்த எண்களோடு போட்டுக் காட்டுகிறேன். 1985-இல் எடுத்த மாதிரி மரத்தின் வேரிலிருந்து 0.154 தூரத்தில் இருக்கிறது, அதாவது ஆயிரம் இடத்துக்கு 154 மாற்றம். 2005-இல் எடுத்தது 0.194 தூரத்தில். இருபது வருடத்தில் கூடியது 0.040, எனவே வருடத்துக்கு 0.002. இந்த வேகத்தில் 0.154 சேர எத்தனை வருடம்? 77. 1985-இலிருந்து 77-ஐக் கழித்தால் 1908. பள்ளிக்கூட வரைபடத் தாளில் நேர்கோடு போட்டு, அது பூஜ்யத்தைத் தொடும் வருடத்தைப் படிப்பதுதான் இது.

நிஜ ஆய்வில் புள்ளிகள் கோட்டில் ஒழுங்காக உட்காராது. எல்லாக் கிளையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்று விட்டு, பேய்சியன் முறையில் வேகங்களையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள்.

ஆனால் 1931 என்றும் படித்திருக்கிறேன். எது சரி?

2000-இல் பெட்டி கார்பர் குழுவினர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகச் சூப்பர் கணினியில் போட்டுச் சொன்னது 1931. 2008-இல் மைக்கேல் வொரோபி குழுவினர் சொன்னது 1908. பத்திரிகைத் தலைப்பில் இந்த இரண்டு எண் மட்டும் வந்தது. கட்டுரைகளில் இருந்தது 1915 முதல் 1941 வரை, 1884 முதல் 1924 வரை என்ற இரண்டு வீச்சுகள். பாருங்கள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சண்டையே இல்லை. வீச்சை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் சொல்பவரிடம் வீச்சைக் கேட்டு வாங்குங்கள். பந்தியில் என்னிடமும் கேளுங்கள்.

விடை பின்னோக்கி நகர்ந்ததில் ஒரு பழைய திசுத்துண்டுக்குப் பங்கு உண்டு. கின்ஷாசாவில் (அப்போது லியோபோல்ட்வில்) 1959-இல் ஒரு ஆணிடமிருந்து எடுத்த ரத்த மாதிரியில் எச்ஐவி இருந்தது முன்பே தெரியும். அதே ஊரில் 1960-இல் ஒரு பெண்ணின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து மெழுகில் புதைத்துவைத்த துண்டிலிருந்தும் வொரோபி குழு வைரஸ் வரிசையை மீட்டது. ஒரே ஊர், ஒரு வருட இடைவெளி. ஆனால் இரண்டு வைரஸ்களும் மரத்தில் வேறு வேறு பெருங்கிளைகளில் போய் உட்கார்ந்தன. 1960-லேயே இவ்வளவு பிரிந்திருந்தால், பிரியத் தொடங்கியது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருக்க வேண்டும்.

இன்னொன்று. 1908 என்பது குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவிய வருடம் இல்லை. உலகெங்கும் பரவிய எம் பிரிவின் கிளைகள் எல்லாம் சேரும் கணுவின் வயது. தாவல் அதற்கு முன்னரே நடந்திருக்கலாம். எம் பிரிவுக்கு மிக நெருங்கிய வைரஸ் இருப்பது தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்சிகளிடம். அங்கிருந்து ஆற்று வழியே கின்ஷாசா போய், அங்கேதான் அது பெருகியது என்பது இன்றைய கருத்து.

போலியோ சொட்டு மருந்தால் எய்ட்ஸ் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

1950-களின் கடைசியில் பெல்ஜிய காங்கோவில் கொடுத்த சொட்டு மருந்தைப் பற்றிய பழைய வாதம் அது. மரம் அதை இரண்டு வழியில் கவிழ்க்கிறது. எம் பிரிவின் கணு அந்த மருந்தைவிட மூத்தது. மருந்துக்குப் பயன்பட்டதாகச் சொன்ன கிசங்கானி பகுதிச் சிம்பன்சிகளின் வைரஸ், மரத்தில் வேறு கிளையில் இருக்கிறது. பத்திரமாக இருந்த அந்தக் கால மருந்தைச் சோதித்ததிலும் எச்ஐவி இல்லை. குழந்தைக்குச் சொட்டு மருந்தைப் போடுங்கள்.

இந்தியாவுக்கு எங்கிருந்து வந்தது என்று மரம் சொல்லுமா?

இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்தது சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் கண்டுபிடித்தார்கள். இங்கே பரவியிருப்பது பெரும்பாலும் எம் பிரிவின் பெருங்கிளைகளில் ஒன்றான சி வகை. இந்திய வைரஸ்களில் மிகப் பல மரத்தில் ஒரே கொத்தாக விழுகின்றன, நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவின் தென்பகுதி சி வகையோடு. யார் கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள். மரத்துக்கு அது தெரியாது.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாமா?

இருவரின் வைரஸ் பக்கத்துக் கிளைகளில் இருந்தால் தொடர்பு இருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். இடையில் மாதிரி எடுக்காத மூன்றாமவர் ஒருவர் இருந்திருக்கலாம். தொடர்பில்லை என்று சொல்வதில்தான் மரத்துக்குப் பலம் அதிகம்.

லிபியாவின் பெங்காசி மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றியது. ஐந்து பல்கேரியச் செவிலியர்களும் ஒரு பாலஸ்தீன டாக்டரும் வேண்டுமென்றே செய்ததாகக் கூறி 2004-இல் மரண தண்டனை விதித்தார்கள். அவர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1998 மார்ச்சில். குழந்தைகளின் வைரஸ் வரிசைகளை வைத்துப் பன்னாட்டுக் குழு ஒன்று காலம் கணித்து, 2006 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. மாறும் வேகத்துக்கு எந்தக் கணக்கு மாதிரியை வைத்தாலும் அந்தக் கிளைக்கூட்டத்தின் மூதாதை அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. அதே மாதம், மறுவிசாரணையில், நீதிமன்றம் மறுபடியும் மரண தண்டனையே விதித்தது. 2007 ஜூலையில், அரசுகளுக்கிடையே பேச்சு நடந்து, ஆறு பேரும் பல்கேரியா போய்ச் சேர்ந்தார்கள்.

மரம் என்ற கருத்தே பொருந்தாத இடம் உண்டா?

உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு வகை எச்ஐவி தொற்றினால், இரண்டும் கலந்து பாதி இங்கே பாதி அங்கே என்று புதிய வைரஸ் உருவாகும். அதற்கு ஒரே பெற்றோர் இல்லை, ஒரே மரமும் இல்லை. மரபணுத்தொகுதியைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி மரம் கட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கலப்பைக் கவனிக்காமல் கட்டிய மரத்தில் கிளை நீளங்களும் காலக் கணிப்பும் பிசகலாம்.

நானே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் எச்ஐவி தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. ஐக்யூ-ட்ரீ இலவசம். ஐம்பது வரிசைகள் என்றால் சாதாரண லேப்டாப்பே போதும். சிம்பன்சி வைரஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேர் எந்தப் பக்கம் என்று தெரியும்.

வரிசைகளை அடுக்கியதும், மரம் கட்டுவதற்கு முன்னால், ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். தொடக்க காலத்தில் ஒரு கோப்பில் எனக்கு ஒரு கிளை மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு நீண்டு, திரையைத் தாண்டிப் போயிற்று. பூட்ஸ்ட்ராப் 100. புதுப் பிரிவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த ஒரு வரிசையை மட்டும் எதிர்ப்புற இழையிலிருந்து, தலைகீழாகப் படித்துச் சேர்த்திருக்கிறேன்.